அவருடைய வரியை அவரே பாடுவார்

என் அத்தைக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும், கோணிப்போன ரிம்மை நிமிர்த்தத் தெரியும், தகரத்தில் படம் வரையத் தெரியும். அடக்கமாகப் பேசத் தெரியாது. இந்தக் கடைசி விஷயம் மட்டும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவையில் எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றையும் அறிந்திருந்தால் போன வருஷம் அவர்கள் நடந்துகொண்டபடி நடந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கிராமத்திலிருந்து வந்து, அத்தை வீட்டில் தங்கி, நாலு பழைய சைக்கிள்களின் உதிரிகளை வைத்து அத்தை பூட்டித் தந்த ஐந்தாவது சைக்கிளில்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். படித்தவன் எழுதினால் நாலு பேர் நம்புவார்கள் என்பது உண்மையானால், அந்தப் படிப்பை முதலில் இதற்குத்தான் செலவழிப்பேன்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. கடையில் எப்போதும் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். காற்றடித்த டியூபை அதில் முக்கிச் சுற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். மாமா முக்குவார், அத்தை குமிழியைக் காட்டுவாள். கல்யாணமான புதிதில் அவ்வளவுதான் அவளுக்கு வேலை. சும்மா உட்கார முடியாமல் ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் மட்கார்டில் எனாமல் பெயிண்டால் ஒரு மீன்கொத்தியை வரைந்தாள். அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்கூடமே கடை வாசலில் நின்றது. அப்புறம் பார்த்துப் பார்த்தே ரிப்பேர் வேலையும் பழகிக்கொண்டாள்.

மாமா கைக்கு ஈடாக வாயும் ஓடுகிற மனுஷர். செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவார், கதைக்கு நடுவில் பாடுவார், பாட்டுக்கு நடுவில் "ஏம்மா, பதினஞ்சாம் நம்பர் ஸ்பேனர் எங்க?" என்பார், அதுவும் அதே ராகத்தில். பாடற்குழுவில் கனத்த குரல் அவருடையதுதான். பாட்டும் கட்டுவார்.

எங்கள் பங்கிலிருந்து ஒரு நாள் சைக்கிள் தூரத்தில் மலைமேல் ஒரு திருத்தலம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் பஸ் பிடித்துப் போவார்கள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"சிலுவைப் பாதைன்னு பேரு வெச்சுட்டு, பாதை முழுக்கத் தூங்கிட்டே போறானுங்க," என்றார்.

"அப்ப நாம மிதிச்சே போவோம். கடையில சைக்கிளுக்கா பஞ்சம்," என்றாள் அத்தை.

அப்படித்தான் தொடங்கியது. எந்தக் குழுவும் தொடங்கவில்லை, எந்தத் தீர்மானமும் போடவில்லை. இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் கோயில் ஆண்டு மலரில் வேறு மாதிரி அச்சாகியிருக்கிறது.

ஏசு சிலுவை சுமந்து போனதை நினைக்கிற சிலுவைப் பாதைக்குப் பதினான்கு நிலைகள், தீர்ப்பு முதல் அடக்கம் வரை. அத்தை எண்ணெய் டின்களை வெட்டி, சுத்தியலால் தட்டிச் சமமாக்கி, ஒரு நிலைக்கு ஒரு படம் வரைந்தாள். முதல் படத்தை முதலில் போகிறவரின் ஹேண்டில்பாரில் கட்டினாள். மற்றவை ஒவ்வொன்றும் ஒரு சைக்கிளின் கேரியரில், பின்னால் வருகிறவரைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்கும். ஆக, ஒவ்வொருவருக்கும் வழி முழுக்கக் கண்ணெதிரே ஒரே ஒரு படம். எனக்கு ஐந்தாவது. வயலிலிருந்து வந்த சீமோனைப் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைத்த நிலை.

"ஏன் அத்தை எனக்கு இது?" என்று கேட்டேன்.

"நீயும் அப்படித்தானடா மருமகனே. ஊர்லேருந்து சும்மா படிக்க வந்த, சைக்கிளைக் குடுத்து மிதின்னுட்டோம்."

பாட்டு மாமாவுடையது. பதினான்கு வரி, ஆளுக்கு ஒன்று. ஒரு வரி ஒரே மூச்சில் அடங்கும். பெடல் சுற்றுதான் தாளம். முன்னால் போகிறவர் தன் வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்குவார், அதற்குள் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். ஏற்றத்தில் முழுப் பாட்டையும் தனியாளாகப் பாட யாராலும் முடியாது. பதினான்கு பேராக முடியும். இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருவருடைய வரியை இன்னொருவர் பாடக் கூடாது. ஒருவருக்கு மூச்சு முட்டினால் பாட்டு அவருக்காக நிற்கும், சக்கரங்கள் ஓடும். அவர் எப்போது பாடுகிறாரோ அப்போதுதான் அடுத்த வரி. பேக்கரியில் மாவு பிசைகிற அண்ணனுக்கு இளைப்பு உண்டு. அவருடைய ஏழாவது வரிக்காக ஒரு பாலம் முழுவதும் நாங்கள் பேசாமல் மிதித்திருக்கிறோம். யாரும் சலித்துக்கொண்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிக்கு மேல் போயின. பேச்சு மொத்தமாகப் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல். சரி.

சாப்பிட்டீர்களா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கோபம் வந்தாலும் அதே சரிதான், கொஞ்சம் உரக்க. தெருப்பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"மாமா, இந்த பெல்லை எடுத்துக்கட்டுமா?"

"சரி."

திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வரும். "சரி இல்லடா. வை கீழ."

ஒருநாள் அத்தை ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு ஸ்போக்கை முறுக்கிக்கொண்டே மாமாவின் பாட்டை முணுமுணுத்தாள். பதின்மூன்றாவது வரி முடிந்ததும் பின்னாலிருந்து பதினான்காவது வரி வந்தது.

*கல்லை வைத்து மூடினார்கள், கதவென்று அறியாமல்.*

மாமாவின் வரி. கல்லறையில் அடக்கம் செய்யும் நிலை. பேச்சு போன வாயில் பாட்டு மிஞ்சியிருந்தது. சிலருக்கு அப்படி ஆகும், பாட்டுக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொன்னார். ஆனால் முன்னால் உள்ள பதின்மூன்று வரிகளும் வர வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். வந்தால் வரும்.

அந்த வருஷமே அத்தை இரண்டு சைக்கிள்களின் சட்டத்தை அறுத்து, வெல்டிங் பட்டறையில் நின்று ஒட்டவைத்து, ஓர் இரட்டைச் சைக்கிள் செய்தாள். முன்னால் அவள், பின்னால் மாமா. விளங்காத காலைப் பெடலோடு சேர்த்துப் பழைய டியூப் பட்டையால் கட்டிவிடுவாள். மாமாவின் படத்தைத் தன் முதுகில் கட்டிக்கொள்வாள். பதின்மூன்று சைக்கிள், பதினான்கு பேர். வருஷம் முழுக்கச் சரி என்ற ஒற்றைச் சொல்லில் அடைபட்டுக் கிடக்கிற மனுஷர் தன் ஆட்களுக்கு நடுவே தான் நினைத்ததைத் தானே சொல்கிற ஒரே நாள் அது.

இதைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

போன வருஷம் பேரவைக்குப் புதிதாக ஒரு செயலாளர் வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருநூறு சைக்கிள், எல்லாருக்கும் ஒரே நிற டீசர்ட், முன்னால் ஸ்பீக்கர் வேன், வானத்தில் படம் பிடிக்கிற டிரோன் என்று திட்டம் போட்டார். தகரப் படங்களுக்குப் பதில் ஃப்ளெக்ஸ். பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து ஓட விடுவது, மிதிக்கிறவர்கள் வாயசைத்தால் போதும். பேரவைக் கூட்டத்துக்கு அத்தையையும் அழைத்தார்கள். கேட்பதற்கு அல்ல, தெரிவிப்பதற்கு. நான் துணைக்குப் போனேன். மாமாவும் வந்தார்.

"நீங்க ஆரம்பிச்ச விஷயம்தாம்மா. அதை அடுத்த லெவலுக்குக் கொண்டு போறோம்," என்றார் செயலாளர்.

"மலைமேல இருக்குற கோயில் சார். ஏற்கனவே லெவல் ஜாஸ்திதான்."

பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பி நயமாக ஆரம்பித்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூச்சு வாங்குற சத்தம் வீடியோவுல நல்லா வரமாட்டேங்குது."

"மூச்சு வாங்காம ஏசுவே மலை ஏறல தம்பி."

"மாமாவுக்குப் பெரிய மரியாதை பண்றோம்க்கா. பழைய ஒத்திகையில எடுத்த பதிவு ஒண்ணு என்கிட்ட இருக்கு. சுத்தமான குரல். கடைசி வரிக்கு அதையே போட்டுட்டோம். மாமா வேன்ல முன் சீட்டுல உட்கார்ந்து வரட்டும்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. செயலாளர் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார். "அவர்கிட்டயே சம்மதம் வாங்கியாச்சும்மா. செவ்வாய்க்கிழமை நான் கடைக்கு வந்தப்ப நீங்க டியூப் வாங்கப் போயிருந்தீங்க. விவரமா எடுத்துச் சொன்னேன். சரின்னுட்டார்."

தெருப்பிள்ளைகளாவது பெல்லை எடுக்கத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அத்தை இல்லாத நேரம் பார்த்து, ஒரு மனுஷனிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல்லை வாங்கிக்கொண்டு போய்த் தீர்மானத்தில் ஏற்றியிருக்கிறார்.

அத்தை மாமாவின் பக்கம் திரும்பினாள். "என்னங்க, செயலாளர் சாரைத் தூக்கிக் கிணத்துல போட்டுடலாமா?"

"சரி," என்றார் மாமா.

"கேட்டுக்கிட்டீங்களா சார்? சம்மதம் வாங்கியாச்சு. கிளம்புங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். பங்குச்சாமி இளம் வயசுக்காரர், கெட்டவர் அல்ல. ஆனால் அவர் அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார்: "அம்மா, பேரவையில கிண்டல் வேணாமே." கிண்டல் யார் செய்தது? வாய் செத்த மனுஷனிடம் கையெழுத்து வாங்குகிற மாதிரி சம்மதம் வாங்கியவர் செய்ததற்கு என்ன பெயர்?

செயலாளர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீ படிச்ச பிள்ளை. நீயாவது இவங்களுக்கு எடுத்துச் சொல்லு."

படித்தால் நான் அவர் பக்கம் வந்துவிடுவேன் என்று அவருக்கு அத்தனை நிச்சயம். கையை எடுத்துக் கீழே விட்டேன். "படிச்சதாலதான் சார் சொல்றேன். வேணாம்னு சொல்ல முடிஞ்சவர் சரின்னு சொன்னாத்தான் அது சம்மதம்."

"பாயிண்ட்தான், பாயிண்ட்தான்," என்றார். தீர்மானம் அப்படியே நிறைவேறியது.

வெளியே வந்ததும் அத்தை சொன்னாள்: "அவரை வேன்ல ஏத்தணும்னா என்னையும் சைக்கிளையும் சேர்த்துல்ல தூக்கணும். தூக்கட்டும் பாப்போம்."

பயண நாளன்று விடியும்போது கோயில் வாசல் முழுக்க டீசர்ட். எங்கள் பதின்மூன்று சைக்கிளும் கடைசியில் நின்றன, பழைய சட்டை, பழைய தகரம். வேன் கிளம்பியதும் ஸ்பீக்கரில் பாட்டு கிளம்பியது. பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மாமாவின் மெட்டுக்கு அடியில் டிரம்ஸ் போட்டு, வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தார்கள். அந்தத் தாளத்துக்கு மிதித்தால் முழங்கால் கழன்றுவிடும். எங்களில் முதல் ஆளான தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் நாலாவது வரிக்குப் போய்விட்டது.

பிறகு கடைசி வரி வந்தது. மாமாவின் குரல், நோய்க்கு முந்திய குரல், கனமாக, ஒரு பிசிறு இல்லாமல்.

இரட்டைச் சைக்கிளின் பின் மிதி நின்றது. கால் பாரம் விட்டுப்போனதை அத்தை செயினிலேயே உணர்ந்திருக்கிறாள். நான் திரும்பிப் பார்த்தபோது மாமா நல்ல கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தன் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ எதிரே நடந்து வருவதைப் பார்த்தவரின் முகம். பாட்டு முடிந்து மறுபடி ஓடியது. மறுபடி அந்த வரி. மறுபடி. ஒவ்வொரு முறையும் அவர் வாய் திறந்து மூடியது. இதைத்தான் மரியாதை என்றார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு முன்னால் அவருடைய குரலை அவரிடமிருந்து பிரித்தெடுத்து ஊர்வலம் விட்டார்கள்.

அத்தை பிரேக் பிடித்தாள். அவளுக்கு முன்னால் போன பள்ளிக்கூட ஆயா நின்றார், அவருக்கு முன்னால் நர்ஸ், அப்படியே தையல்காரர் வரைக்கும் எல்லாரும் நின்றோம். மோட்டார் சைக்கிளில் வந்த தொண்டர் ஒருவர் அருகில் வந்தார்.

"ஏன் நின்னுட்டீங்க? பஞ்சரா?"

"பஞ்சர்னா நான் நிப்பேனா தம்பி?" என்றாள் அத்தை. "சத்தம் போகட்டும்னு நிக்கிறோம்."

டீசர்ட்டுகள் வளைவில் மறைந்தன. டிரம்ஸ் தேய்ந்து, அப்புறம் அதுவும் இல்லை. மரத்தில் இருந்த பறவைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அத்தை தலையை ஆட்டினாள். கிளம்பினோம்.

*கை கழுவினார்கள், தண்ணீர் கலங்கிற்று,* என்று தொடங்கினார் தையல்காரர், எங்கள் வேகத்தில். வரி கை மாறி வந்தது. *வழியே போனவன் தோளைக் கேட்டார்கள்,* என்றேன் நான். பேக்கரி அண்ணனுக்காகக் கொஞ்சம் காத்திருந்தோம். பன்னிரண்டு முடிந்தது. *மடியில் இறக்கி வைத்தார்கள், மடி தாங்கிற்று,* என்று அத்தை பதின்மூன்றை முடித்தாள். மாமாவின் முறை.

வரவில்லை.

மிதித்தோம். வயல்கள் போயின, ஒரு மர மில் போயிற்று, ஒரு பள்ளிக்கூடம் போயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவசரப்படுத்துகிற மாதிரி ஆகும். ஆனால் எல்லார் முதுகும் காதாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதோடு அவருக்கு அதுவும் அடைத்துப் போயிற்றோ என்று நினைத்தேன். அத்தையும் அதையே நினைத்திருப்பாள்.

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வேன் எதிரே வந்து குறுக்கே நின்றது. ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தார்கள். செயலாளர் இறங்கினார்.

"என்னம்மா இது, உங்களை எங்கெல்லாம் தேடறது? மேல திருப்பலிப் பூசை ஆரம்பிக்கப் போகுது. சைக்கிளை ஓரமாப் போட்டுட்டு எல்லாரும் ஏறுங்க." மாமாவின் கையைப் பிடித்தார். "பெரியவரே, நீங்க வாங்க முதல்ல."

மாமா என்ன சொல்வார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் சொல்வதற்கு முன் அத்தை பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கையை எடுங்க. அவர் வரி பாக்கி இருக்கு."

"அதான் காலையிலேர்ந்து ஸ்பீக்கர்ல பாடிட்டே இருக்காரே அம்மா."

"அது எப்பவோ பாடினது சார். இன்னைக்கு இன்னும் பாடல," என்றார் பேக்கரி அண்ணன், மூச்சு வாங்கியபடி.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வர்ற வரைக்கும்," என்றாள் அத்தை. "நிக்கிறதா இருந்தா பேசாம நில்லுங்க. இல்லைன்னா போங்க. வண்டியை எடுத்துட்டுப் போறப்ப ஹாரன் அடிக்காதீங்க."

வேன் டிரைவர்தான் முதலில் புரிந்துகொண்டார். இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி, தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். செயலாளருக்கு வேறு வழி இல்லை. வெயில் அவர் வழுக்கையில் விழுந்தது. நின்றார்.

நாங்கள் ஆளுக்கு ஒரு காலைத் தரையில் ஊன்றி, பாதி திரும்பி நின்றோம். மாமா அத்தையின் முதுகில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லை," என்றார். நின்றுவிட்டது.

நர்ஸின் உதடு தானாக அசைந்தது. அத்தை ஒரு பார்வை பார்த்தாள். நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கல்லை வைத்து..."

எண்ணெய் பார்க்காத செயின் மாதிரி இருந்தது குரல். ஸ்பீக்கரில் வந்த குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்தார். கதவு என்ற சொல் முதல் தடவை வழுக்கிப் போயிற்று. மறுபடி பிடித்தார். அறியாமல் என்பதை முடித்தபோது மூச்சு மொத்தமும் தீர்ந்திருந்தது. அத்தை முன்னால் பார்த்தபடியே இருந்தாள்.

செயலாளர் கை தட்டப் போனார்.

"தட்டாதீங்க சார். கச்சேரி இல்ல."

ஏறினோம். நாங்கள் மேலே சேர்ந்தபோது திருப்பலி முடிந்து கூட்டம் இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளெக்ஸ் ஒன்று காற்றில் கிழிந்து தொங்கியது. வழக்கம்போல் சைக்கிள்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து, படங்களை அடுத்தடுத்து வைத்து, முதலில் இருந்து கடைசி வரை நடந்து, ஜெபம் சொல்லி, இறங்கினோம்.

இத்தோடு விட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் மன்றாட்டு வாசிக்கிற பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள்: "சைக்கிள் திருப்பயணத்தில் உடல் பலவீனத்தால் வழியிலேயே நின்றுவிட்ட நம் சகோதர சகோதரிகளுக்காக, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

எங்களுக்காக ஜெபிக்கிறார்களாம். வழியில் குறுக்கே வண்டியை நிறுத்தியவர் எழுதிக் கொடுத்த ஜெபம்.

எல்லாரும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை எழுந்து நின்றாள். கோயிலில் அப்படி யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

"சாமி, ஒரு நிமிஷம். நாங்க வழியில நிக்கல. மேல வரைக்கும் வந்தோம். நீங்கதான் அங்க இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வாசித்த பெண் தாளையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மன்றாட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சாமி தலையைக் குனிந்தபடி அடுத்ததை வாசிக்கச் சொன்னார்.

இப்போது பேரவை ஒரு விதி போட்டிருக்கிறது. இனித் தனியாகப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமாம். அத்தை புது டின் வெட்டிக்கொண்டிருக்கிறாள், மாமா தகரத்தின் ஓரத்தை நல்ல காலால் அழுத்திப் பிடித்திருக்கிறார். மலைக்குப் போகிற ரோட்டுக்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்று அத்தை என்னைக் கேட்டாள். அது என் படிப்பில் வரவில்லை.